உப்புக்காற்றில் டிரெய்லர்: ஒயரிங்கும் பிரேக்கும் கைவிடாமல் இருக்க

டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை. தானாக ஓடவும் முடியாது, தானாக நிற்கவும் முடியாது. திரும்பப் போவதையோ நிற்கப் போவதையோ பின்னால் வருபவருக்குச் சொல்ல அதற்குச் சொந்தமாக வழியும் கிடையாது. எல்லாமே இழுக்கும் வண்டியிலிருந்துதான் வர வேண்டும். விளக்குக்கான மின்சாரம் ஒரு கேபிளிலும், பிரேக்குக்கான காற்றழுத்தம் ரப்பர் குழாய்களிலும் பின்னால் போகின்றன. கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் இந்த இணைப்புகள் இரண்டு வண்டிகளுக்கும் இடையே திறந்தவெளியில், சக்கரம் வாரியடிக்கும் சேற்றிலும் மழையிலும் தொங்குகின்றன. டிரெய்லரில் விளக்கு எரியாமல் போனால் பலரும் முதலில் பல்பை மாற்றுகிறார்கள். பழுது பெரும்பாலும் இருப்பது இந்த இணைப்பில்தான். கடலோரத்தில் அது இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே சுமார் 16 கிலோமீட்டரில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை முனையில் ஊர் இருக்கிறது. மேலே கலங்கரை விளக்கம், பக்கத்தில் செம்மண் மேடான தேரி, கீழே தனியார் மீன்பிடித் துறைமுகம். பாரதிராஜாவின் படங்களில் இந்தப் பாறைகளைப் பார்த்தவர்கள் பாறையில் மோதிச் சிதறும் அலையையும் பார்த்திருப்பார்கள். அந்தச் சிதறலிலிருந்து எழும் நுண்துளிகள் காற்றில் ஏறி, கரையில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் மேலும் உப்பாகப் படிகின்றன. துறைமுகத்துக்கு ஐஸ் வருகிறது, டீசல் வருகிறது. மீன் வெளியே போகிறது. மீன் வண்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுகளுக்கு மலையோரக் குவாரிகளிலிருந்து பாறாங்கல்லை டாரஸ் லாரிகள் கொண்டுவருகின்றன. செங்கல், எம்சாண்ட், வலை, தளவாடம் என்று எதை ஏற்றவும் டிராக்டர் டிரெய்லர் இருக்கிறது. தேரியின் நைசான செம்மண் தூளும் உப்பும் சேர்ந்து சாக்கெட்டுக்குள் இறங்கினால் அது ஒருவகைப் பசையாகிவிடும்.

உப்பு செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவது இதனால்தான். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே அது நனைந்துவிடுகிறது. ஆகவே முட்டத்தில் நிற்கும் டிரெய்லரின் சாக்கெட் மழை பெய்யாத நாளிலும் உலர்ந்திருப்பதாகச் சொல்ல முடியாது. அதற்குள் பித்தளைப் பின், செம்புக் கம்பி, இரும்புத் திருகு என்று வெவ்வேறு உலோகங்கள் ஒட்டி நிற்கின்றன. ஈர உப்பு நடுவே வந்தால் உலோகங்களுக்கிடையே சிறு மின்கலம் உருவாகி, அவற்றில் ஒன்று அரிக்கப்படும். ஈர உப்பில் செம்பின் மேலும் பச்சைக் களிம்பு படியும். களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஒயரின் நுனி சீலில்லாமல் திறந்திருந்தால், உப்புத் தண்ணீர் மெல்லிய செம்பு இழைகளுக்கிடையே ஏறி, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே தொலைதூரம் போய்விடும். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் ஒயரைச் சீவிப் பார்த்தால் உள்ளே கறுத்து, தொட்டால் பொடியாக உதிரும். அந்த ஒயரில் புது நுனி போடுவதால் பயன் இல்லை. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டியாக வேண்டும்.

டிரெய்லர் சாக்கெட்டில் பொதுவாக 7 பின்கள் இருக்கும். இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, இடது வலது டெயில் விளக்குகள், கூடுதல் விளக்குக்கு ஒன்று. மிஞ்சும் ஒன்று எர்த். மற்ற ஆறும் தத்தம் விளக்குக்கான மின்சாரத்தை மட்டும் கொண்டுபோகின்றன. எர்த் பின் அத்தனை விளக்குகளின் மின்சாரத்தையும் ஒன்றாகத் திருப்பி எடுத்து வருகிறது. அதிகம் சுமப்பது அதுதான். அதிகம் கவனிக்கப்படாததும் அதுதான்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 12 வோல்ட் டிராக்டர் டிரெய்லரில் பிரேக் பல்பு ஒன்று 21 வாட், இண்டிகேட்டர் 21 வாட், டெயில் விளக்கு 5 வாட். இரவில் இண்டிகேட்டர் போட்டபடி பிரேக் மிதித்தால் இரண்டு பிரேக் பல்பு, ஒரு இண்டிகேட்டர், இரண்டு டெயில் விளக்கு சேர்ந்து மொத்தம் 73 வாட், அதாவது 6 ஆம்பியர். இந்த 6 ஆம்பியரும் எர்த் பின் வழியாகத் திரும்ப வேண்டும். களிம்பு பிடித்த பின்னில் அரை ஓம் தடை இருக்கிறது என்று கொள்வோம். மின்னோட்டம் 5 ஆம்பியருக்குக் கீழே இறங்கும்; விளக்குகளுக்கு 12 வோல்ட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 9.6 வோல்ட் மட்டுமே கிடைக்கும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட மிக வேகமாகக் குறையும் இயல்புடையது. வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். இழந்த மின்சாரம் அந்தச் சிறு பின்னில் 11 வாட்டுக்கு மேல் வெப்பமாக மாறி, அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கை இளக்குகிறது. இளகிய பிளாஸ்டிக்கில் பின் சாய்கிறது, தொடர்பு இன்னும் மோசமாகிறது. பழுதே பழுதை வளர்க்கிறது.

எர்த் முழுவதும் அறுந்துவிட்டால் விளக்குகள் அணைந்தே போக வேண்டும் என்பதில்லை. மின்சாரம் திரும்ப வேறு வழி தேடும். பிரேக் மிதித்தால் டெயில் விளக்கு மங்கலாக மினுங்குவது, இடது இண்டிகேட்டர் போட்டால் வலது பக்கமும் லேசாகத் துடிப்பது, எல்லா விளக்கும் சேர்ந்து மங்குவது எல்லாம் எர்த் போனதன் குறிகள். இந்தக் குறிகளைக் கண்டால் பல்பைத் தொடாமல் நேரே எர்த்துக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பல டிராக்டர் டிரெய்லர்களில் எர்த் ஒயரே கிடையாது. கொக்கியும் பின்னும் இரும்புதானே, அதன் வழியாகவே எர்த் வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். கிரீஸும் துருவும் பெயின்ட்டும் நடுவே இருக்கும் கொக்கி நல்ல மின்தொடர்பு ஆகாது. வண்டி குலுங்கும்போது தொடும், விலகும். நிற்கும்போது சோதித்தால் விளக்கு எரியும், ஓடும்போது எரியாது. டிரெய்லருக்கென்று தனி எர்த் ஒயர் கேபிளுக்குள்ளேயே வர வேண்டும். அது மற்ற ஒயர்களைவிடத் தடிமனாக, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. சட்டகத்தில் அது முடியும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் நட் போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் கிரீஸோ பெயின்ட்டோ பூசிவிட வேண்டும்.

லாரியும் டிராக்டரும் ஒரே மின்சாரத்தில் ஓடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. டிராக்டரில் 12 வோல்ட், கனரக லாரியில் 24 வோல்ட். சர்வதேசத் தரத்தின்படி 12 வோல்ட் ஏழு பின் சாக்கெட்டில் எர்த் 3-ஆம் எண் பின். 24 வோல்ட் சாக்கெட்டில் அதுவே 1-ஆம் எண் பின். இடது இண்டிகேட்டர் முன்னதில் 1, பின்னதில் 3. பழைய டிரெய்லரை வாங்கி வேறு வண்டிக்கு மாற்றும்போது, ஒயரின் நிறத்தை நம்பிச் சேர்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இடையில் எத்தனை கைகள் அந்த ஒயரிங்கைப் பிரித்துச் சேர்த்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சாக்கெட் மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டு உறுதிசெய்வது ஒன்றே பாதுகாப்பான வழி.

முறுக்கிச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புதான் கடலோர ஒயரிங்கின் முதல் எதிரி. வெயிலில் டேப்பின் பசை இளகி நழுவும். பிறகு அதே டேப் தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். சரியான இணைப்புக்குச் செலவு அதிகம் இல்லை. செம்பு நுனியைச் சுத்தமாகச் சீவி, கிரிம்ப் கருவியால் இறுக்கி, உள்பக்கம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயை மேலே ஏற்றி, சூடுகாட்டிச் சுருக்கினால் பசை இளகி இரு முனையையும் அடைத்துவிடும். கப்பல், படகு வேலைக்கு ஈயம் பூசிய செம்புக் கம்பி விற்கிறது. சாதாரணக் கம்பியைவிட விலை கூடுதல்தான், உப்பில் அதன் ஆயுளும் கூடுதல். சாக்கெட்டின் பின்களை மாதம் ஒருமுறை எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் தெளித்து, சிறு பிரஷ்ஷால் தேய்த்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகப் பூச வேண்டும். அது கிடைக்காவிட்டால் வாசலின் போதும். கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்று சிலர் தயங்குவது உண்டு. பின் சாக்கெட்டுக்குள் நுழையும்போது உலோகம் உரசும் இடத்தில் கிரீஸ் தானாக விலகிவிடும். மற்ற இடங்களில் தங்கி ஈரத்தை அண்டவிடாது. சாக்கெட்டின் மூடி ஸ்பிரிங்கோடு இருக்கிறதா, வாய் கீழ்நோக்கி அமைந்திருக்கிறதா என்பதும் முக்கியம். மேல்நோக்கி நிற்கும் சாக்கெட் மழைத் தண்ணீரைப் பிடிக்கும் கிண்ணம்.

கழற்றிவிட்ட பிளக்கைத் தரையில் போடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். முட்டத்தில் அது நேரே உப்பு மண்ணில் விழும். டிரெய்லரின் முன்பகுதியில் ஒரு பொய் சாக்கெட்டைத் திருகி வைத்து, கழற்றியதும் பிளக்கை அதில் செருகிவிடலாம். கேபிளின் நீளமும் கணக்காக இருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சித் தொங்கினால் சாலையில் உரசித் தேயும். குறைவாக இருந்தால் வண்டி முழுவதுமாகத் திரும்பும்போது பிளக் பிடுங்கிக்கொள்ளும்.

இப்போது எல்இடி விளக்குகள் பரவிவிட்டன. அவை குறைந்த மின்சாரத்தில் எரிவதால் கேபிளுக்கும் பின்னுக்கும் சுமை குறைகிறது. கடலோர டிரெய்லருக்கு, முழுவதும் சீல் செய்த எல்இடி விளக்கு நல்ல தேர்வு. ஆனால் ஒரு விஷயம் உண்டு. இழை பல்பு கெட்டுப்போகும் இணைப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்; மங்கும், இண்டிகேட்டரின் வேகம் மாறும். எல்இடி கடைசிவரை பிரகாசமாக எரிந்துவிட்டு ஒரே நாளில் அணையும். எனவே எல்இடி போட்டவர் விளக்கைப் பார்த்துத் திருப்தி அடையாமல் சாக்கெட்டைத் திறந்தே பார்க்க வேண்டும்.

கடற்கரை மணலில் படகை இறக்கவும் ஏற்றவும் தமிழகக் கரைகள் சிலவற்றில் டிராக்டர் பயன்படுகிறது. டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்குமானால் அதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் பல்பு குளிர்ந்த தண்ணீரில் வெடிக்கும். ஓடிவந்து சூடேறிய சக்கர ஹப்பும் சட்டென்று குளிரும்போது சுருங்கி, சீலைத் தாண்டிக் கடல்நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஹப் ஆறும்வரை காத்திருப்பதும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதும் பேரிங்கையும் பிரேக்கையும் காப்பாற்றும்.

விளக்கு கெட்டால் பின்னால் வருபவருக்கு ஆபத்து. பிரேக் கெட்டால் சாலையில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து. 2018-இல் இந்திய அரசு அச்சுப் பளு வரம்பை உயர்த்தியபோது, பல அச்சுகள் கொண்ட டிரெய்லர் லாரியின் மொத்த எடைக்கான உச்சவரம்பு 55 டன் ஆனது. அந்த 55 டன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் 76 லட்சம் ஜூல். நிற்கும்போது இதில் பெரும்பகுதி பிரேக் டிரம்களில் வெப்பமாகிறது. 26 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் 4 மடங்காகும். இறக்கத்தில் நிலைமை இன்னும் கடுமை. 100 மீட்டர் உயரம் இறங்கும்போது அதே வண்டி, ஒருமுறை நிற்பதைப்போல 7 மடங்கு ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிச் சாலைகள் ஏறி இறங்கியபடியே போகின்றன. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை உருளவிடும் பழக்கம் பாரம் ஏற்றிய டிரெய்லரில் உயிரை எடுக்கும். எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய சுமை முழுவதும் அப்போது டிரம்மின் மேல் விழும். டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் உராய்வு குறையும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. எந்த கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரிலோ அதைவிடக் குறைந்த கியரிலோ இறங்குவதே சரி.

கனரக டிரெய்லரின் ஏர் பிரேக் ரயில்வேயிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் அமெரிக்காவில் முதல் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு குறை இருந்தது: குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. 1872-இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் தனிக் காற்று டேங்க் வைத்து, குழாயில் அழுத்தம் குறைந்தாலே பிரேக் பிடிக்கும்படி அமைத்தார். பெட்டி கழன்று போனால் அது தானாகவே நிற்கும். இன்றைய டிரெய்லரிலும் கருத்து அதுவே. தமிழ்நாட்டில், சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் இந்திய லாரிகளுக்கான ஏர் பிரேக் தயாரிப்பில் முன்னோடி.

டிரெய்லருக்கு இரண்டு காற்றுக் குழாய்கள் போகின்றன. சிவப்புக் கப்ளிங் கொண்டது எப்போதும் காற்று நிரம்பிய சப்ளை குழாய். டிரெய்லரின் டேங்கை நிரப்புவது அதுதான். மஞ்சள் கப்ளிங் கொண்டது பெடல் மிதிக்கும்போது மட்டும் அழுத்தம் பெறும் கட்டுப்பாட்டுக் குழாய். சிவப்பு அறுந்தால் டிரெய்லரில் உள்ள அவசர வால்வு டேங்கின் காற்றைப் பிரேக்குக்குத் திருப்பி, சக்கரங்களைப் பிடித்துவிடும். மஞ்சள் அறுந்தால் உடனே ஒன்றும் தெரியாது. பெடலை மிதிக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். மிதித்த பிறகுதான் காற்று சீறி வெளியேறும், டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளும். புறப்படும் முன் பெடலை மிதித்துப் பார்ப்பது ஏன் கட்டாயம் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

அழுத்தப்பட்ட காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். முட்டம் போன்ற இடத்தில் கம்ப்ரஸர் உறிஞ்சும் காற்றே ஈரக்காற்று. டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீர் துருவைக் கிளப்பி, வால்வுகளுக்குள் தள்ளும். நாளடைவில் காற்றுக்கான இடத்தையே பிடித்துக்கொள்ளும். லாரியின் டேங்கைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றும் ஓட்டுநர்கள்கூட டிரெய்லரின் அடியில் உள்ள டேங்கை மறந்துவிடுகிறார்கள். கீழே குனிந்து வால்வைத் திறக்கும்போது பழுப்புத் தண்ணீர் வந்தால் துரு என்று பொருள். பிசுபிசுப்பான எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் வடிகட்டியையும் பார்க்க வேண்டும்.

காற்றுக் கசிவை அளந்து பார்க்கும் எளிய முறை ஒன்று உண்டு. அழுத்தம் முழுவதும் ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் மீட்டரைக் கவனிக்க வேண்டும். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு நிமிடம். அமெரிக்க ஓட்டுநர் தேர்வில் டிரெய்லர் இணைத்த வண்டிக்கு முதல் நிமிடத்தில் 3 பிஎஸ்ஐ, அடுத்ததில் 4 பிஎஸ்ஐ இழப்புவரை அனுமதி. அதாவது கிட்டத்தட்ட கால் பார் அளவு. அதைத் தாண்டினால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீரைக் கப்ளிங்கிலும் குழாய் மடிப்புகளிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி, கப்ளிங்கின் முகத்தில் உள்ள சின்ன ரப்பர் வாஷர். வெயிலில் வெடித்தோ, மணல் ஒட்டியோ, ஒரு பக்கம் தேய்ந்தோ இருக்கும். டேஷ்போர்டு பெட்டியில் நாலு வாஷர் வைத்திருப்பவர் வழியில் நிற்க வேண்டியதில்லை.

காற்று சரியாக வந்தாலும் அது இயந்திர விசையாக மாறும் இடத்தில் இன்னொரு பலவீனம் உண்டு. காற்று பிரேக் சேம்பருக்குள் நுழைந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்புகிறது. அது கேம் தண்டைச் சுழற்றி லைனிங்கை டிரம்மோடு அழுத்துகிறது. லைனிங் தேயத் தேயத் தண்டு இன்னும் தூரம் போக வேண்டியிருக்கும். கனரக வண்டிகளில் அதிகம் காணப்படும் 30-ஆம் வகைச் சேம்பரில் அந்தத் தூரம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தாண்டினால் விசை சரிந்துவிடும். டிரம் சூடேறி விரியும்போது தூரம் மேலும் கூடும் என்பதால், காலையில் எல்லைக்கோட்டில் இருந்த பிரேக் மதியம் இறக்கத்தில் கைவிடும். தானாகச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில், அது அடிக்கடி தளர்ந்துபோனால் ஸ்பேனரால் இறுக்கி அனுப்புவது தீர்வாகாது. உள்ளே புஷ்ஷோ கேம் தண்டோ தேய்ந்திருக்கும்; இறுக்குவது அதை மூடிமறைக்கும். உப்புக் கரையில் கேம் தண்டு துருப்பிடித்து இறுகுவதும் சகஜம். பல நாள் நிறுத்திவைத்த டிரெய்லரில் லைனிங்கே டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்துப் பிய்த்து ஓட்டாமல், சக்கரம் எல்லாம் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டே சாலைக்கு எடுக்க வேண்டும்.

இழுக்கும் வண்டியின் பிரேக்கும் டிரெய்லரின் பிரேக்கும் ஒன்றுக்கொன்று இணையாக வேலை செய்வதும் அவசியம். டிரெய்லரின் பிரேக் பலவீனமாக இருந்தால் அது முன்வண்டியைத் தள்ளும்; வளைவிலோ ஈரச் சாலையிலோ இரண்டும் கத்தி மடங்குவதுபோல மடங்கிக்கொள்ளும். டிரெய்லரின் சக்கரம் மட்டும் முன்னதாக லாக் ஆனால் வால்பகுதி பக்கவாட்டில் வீசும். புதிய டிரெய்லர்களில் இதைத் தடுக்க ஏபிஎஸ் இருக்கிறது. அதற்கு மின்சாரம் தனிக் கேபிளில் வருகிறது. அந்தச் சாக்கெட்டில் களிம்பு பிடித்தால் பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் வேலை செய்யாது. டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சாக்கெட்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் முப்பந்தலுக்கும் காற்றாலைப் பாகங்களைக் கொண்டுபோகும் நீள டிரெய்லர்கள் இந்த மாவட்டத்தில் ஓடும் இழுவைகளில் மிகக் கடினமானவை. இன்றைய காற்றாலை இறகு 60 மீட்டரைத் தாண்டுகிறது. வண்டி நீள நீள ஒயரும் காற்றுக்குழாயும் நீளும். ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கும், குழாயில் காற்று கடைசி அச்சுக்குப் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகும். தடித்த ஒயரும், பின் அச்சுகளுக்கு அருகிலேயே டேங்கும் ரிலே வால்வும் வைப்பது இதற்காகத்தான். கணவாயில் காற்று பலமாக வீசும் மாதங்களில் அந்த நீளத்தைச் சாலையில் நேராகப் பிடித்துப் போக, பின் அச்சுகளின் பிரேக் சமமாகப் பிடிக்க வேண்டும். இத்தகைய இழுவைகளில் முன்னும் பின்னும் ஆள் போவார்கள், சோதனையும் நடக்கும். கவலைக்குரியவை அவை அல்ல.

கவலைக்குரியது சாதாரண டிராக்டர் டிரெய்லர். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் பலவற்றில் பிரேக்கே இல்லை, இருந்தாலும் இணைப்பதில்லை. இரண்டு டன் எடையுள்ள டிராக்டர், தன்னைவிட இரண்டு மூன்று மடங்கு எடையைத் தன் பின்சக்கர பிரேக்கால் மட்டும் நிறுத்த வேண்டியிருக்கிறது. வயலில் வளைந்து திரும்ப வசதியாக டிராக்டரில் இடது, வலது பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருக்கும். சாலைக்கு வரும்போது இரண்டையும் கொக்கியால் சேர்த்துப் பூட்டாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும். பாரம் ஏற்றிய டிரெய்லர் டிராக்டரைத் திருகிக் கவிழ்த்துவிடும். பின்னால் விளக்கு இல்லாமல், பிரதிபலிப்பு ஸ்டிக்கரும் இல்லாமல், முட்டம் அருகே மணவாளக்குறிச்சி சாலையிலோ அம்மாண்டிவிளை வழியிலோ இரவில் போகும் டிரெய்லர் இருசக்கர வாகனத்தில் வருபவரின் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். டிராக்டருக்கு எஞ்சின் ஆயில் மாற்றத் தவறாத உரிமையாளர், டிரெய்லரை வெறும் பெட்டியாக நினைத்து முற்றத்தில் மழையில் விட்டுவிடுகிறார். ஹைட்ராலிக் பிரேக் உள்ள டிரெய்லர்கள் சந்தையில் கிடைக்கின்றன. கூடுதல் செலவு வைக்கும்தான். சாலையில் பாரம் இழுக்கும் டிரெய்லருக்கு பிரேக் இருந்தே ஆக வேண்டும், இதில் சலுகைக்கு இடம் இல்லை.

புறப்படும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும், சில நிமிடம் போதும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து டெயில் விளக்கு, இடது, வலது, பிரேக் என்று வரிசையாகப் போட, கிளீனரோ வேறொருவரோ பின்னால் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் கேபிளைக் கையால் லேசாக அசைத்தால் தொட்டும் தொடாமலும் இருக்கும் இணைப்பு விளக்கைச் சிமிட்டவைத்துக் காட்டிவிடும். அடுத்து, காற்று ஏறியதும் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் போட்டு, குறைந்த கியரில் மெல்ல முன்னால் இழுக்க வேண்டும். டிரெய்லர் பிடித்து நிறுத்தினால் கொக்கியும் சரி, பிரேக்கும் சரி. சாலையில் ஏறிய முதல் நூறு மீட்டருக்குள் மெதுவான வேகத்தில் ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்தால், ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வழியில் நிற்கும்போது ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலாகச் சுடுவது அங்கே பிரேக் விடாமல் உரசுவதையோ பேரிங் போவதையோ சொல்லும். எல்லாம் சுட்டு ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்கவே இல்லை.

முட்டம் துறைமுகத்துக்குள்ளேயே வண்டிகளின் அடிப்பகுதியைக் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தால் பாதி அரிப்பு அங்கேயே நின்றுவிடும். கன்னியாகுமரி மேற்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும் அந்த நாட்களில், மீனையும் ஐஸையும் சுமக்கும் வண்டிகளுக்கும் வேலை குறையும். படகுக்குப் பெயின்ட் அடிக்கும் அதே வாரத்தில் டிரெய்லரின் சாக்கெட்டைத் திறந்து, எர்த்தைச் சுரண்டி இறுக்கி, டிரம்மைக் கழற்றி லைனிங்கைப் பார்த்துவிட வேண்டும். டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அந்த 61 நாட்களில் ஒரு நாளையாவது அதற்கு ஒதுக்க வேண்டும்.